குணசாலிக்கு வேலைக்காரி இருந்தாளே!

ஏட்டி, இங்கன வந்து உக்காரு. ஜெபம் பண்ண நேரமே கிடைக்கல ஆச்சின்னு போனுல அரை மணி நேரமா மூக்கைச் சிந்துனியே, அந்த நேரத்துல ரெண்டு சங்கீதம் வாசிச்சு முடிச்சிருக்கலாம். கோவப்படாத. கேட்டுக்கிட்டு இருந்த எனக்கும் வேற சோலி இல்ல.

போன மாசம் பெண்கள் கூடுகையில ஒரு ஐயா வந்து பேசுனாராமே. தாய்மாரே, நாலு மணிக்கு எழும்புங்க, ஒரு மணி நேரம் தேவ சமூகத்துல காத்திருங்கன்னாராம். நீயும் அலாரம் வச்சியாம். நாலு மணிக்கு அது அடிக்க, சின்னவன் முழிச்சுப் பாலுக்கு அழ, அஞ்சு மணிக்கு நீ அழுதியாம். அந்த ஐயா போட்டிருந்த வெள்ளைச் சட்டையில ஒரு சுருக்கமாவது இருந்துச்சா, பாத்தியா? இருந்திருக்காது. அதைத் தேச்சுக் கொடுத்த அம்மா அன்னைக்கு எத்தனை மணிக்கு ஜெபம் பண்ணாங்கன்னு கூட்டத்துல ஒருத்தியாச்சும் கேட்டிருக்கணும்.

ஆண்டவரே இருட்டோட எழும்பி வனாந்தரத்துக்குப் போயி ஜெபிச்சாரேம்ப. மாற்கு முதலாம் அதிகாரத்துல இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா கொஞ்சம் மேல ஏறி வாசி. முந்தின நாள்தான் பேதுரு மாமியாளுக்குக் காய்ச்சல் விட்டுச்சு. விட்ட கையோட எழும்பி வந்தவங்களுக்கெல்லாம் பணிவிடை செஞ்சா. சாயங்காலம் ஊரே வாசல்ல வந்து கூடிட்டு. மறுநா விடியுமுன்ன அவரு ஜெபிக்கப் போயிட்டாரு, சீமோன் அவரைத் தேடிப் போயிட்டான். அந்த வீட்டுக் கிழவி என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்னு மாற்கு எழுதல. நான் சொல்லுதேன், ஏனம் கழுவிக்கிட்டு இருந்திருப்பா. நீ ஏன் என்கூட வனாந்தரத்துக்கு வரலன்னு ஆண்டவரு அவளைக் கேட்டதா எங்கயாவது வாசிச்சிருக்கியா?

அடுத்தது அந்தக் குணசாலி. கல்யாணத்துக்குக் கல்யாணம் சபை ஐயருமாரு நீதிமொழிகள் 31-ஐ எடுத்து வச்சுக்கிட்டுப் பொண்ணைத்தான் பாப்பாங்க, மாப்பிள்ளையைப் பாக்கமாட்டாங்க. இருட்டோட எழும்புவா, நூல் நூப்பா, நிலம் வாங்குவா, ராத்திரி விளக்கு அணையாது. இதை வாசிச்சுட்டுத்தான உனக்குக் குத்தவுணர்ச்சி? கூறுகெட்டவளே, 15-ஆம் வசனத்தை நல்லாப் பாரு. வேலைக்காரிகளுக்குப் படியளக்கான்னு இருக்கு. வேலைக்காரி இல்ல, வேலைக்காரிகள்! உனக்கு ஒருத்தி, அவளும் திங்கக்கிழமை வரமாட்டா. இன்னொண்ணு, அந்த அதிகாரம் எப்படித் தொடங்குதுன்னு பாரு. லேமுவேல் ராஜாவுக்கு அவன் அம்மா சொல்லிக்கொடுத்தது. மருமவ எப்படி இருக்கணும்னு மாமியாக்காரி போட்ட பட்டியலு அது. எந்த மாமியா பட்டியலு சின்னதா இருந்திருக்கு? எனக்கும் ஒண்ணு இருந்துச்சு. எனக்கு மருமவளா வந்த உன் மாமியாக்காரி அதுல பாதிகூட செய்யல, அது வேற கதை.

பிள்ளைங்களுக்கு நடுவுல எப்படி ஜெபிக்கதுன்னு கேப்ப. சூசன்னா வெஸ்லின்னு ஒருத்தி இருந்தா. இங்கிலாந்துல எப்வொர்த்துங்கிற ஊரு ஐயரு பொண்டாட்டி. மெதடிஸ்ட் சபை உண்டாகக் காரணமான ஜான் வெஸ்லியைப் பெத்தவ. பெத்தது 19, தங்குனது 10. புருஷன் நல்ல பிரசங்கி, பணக் கணக்குதான் வராது. 1705-ல கடனுக்காகச் செயிலுக்கே போனாரு. அத்தனை பிள்ளைய வச்சுக்கிட்டு அவ எங்க போயி ஜெபிப்பா? மேல கட்டியிருக்க ஏப்ரனைத் தூக்கித் தலை வழியா மூடிக்கிட்டு நாற்காலியில உக்காந்துருவாளாம். அம்மா தலையில துணி கிடந்தா வீட்டுல ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது, அதுதான் சட்டம்னு சொல்லுவாங்க. உனக்குத்தான் நைட்டிக்கு மேல எந்நேரமும் ஒரு துண்டு கிடக்கே. ஜெபத்துக்கு முக்காடு போடுதது நமக்குப் புதுசா? அதையே கொஞ்சம் மூக்கு வரைக்கும் இழுத்து விடு. முதல் நாலு நாளைக்குப் பிள்ளைங்க துண்டுக்குள்ள எட்டிப் பாத்துச் சிரிக்கும். பொறவு பழகிரும்.

இன்னொண்ணும் செஞ்சிருக்கா அவ. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்துல ஒரு சாயங்காலம்னு ஒதுக்கி, தனியா உக்காந்து பேசுவா. ஜானுக்கு வியாழக்கிழமை. வளந்து பெரியாளான பொறவும் அந்த வியாழக்கிழமையை அவரு மறக்கலையாம். உன் பெரியவகிட்ட ஹோம்வொர்க்கைத் தவிர வேற எதையாவது பத்தி என்னைக்கு உக்காந்து பேசுன?

இங்கிலாந்து தூரமா இருக்கோ? அப்ப நம்ம டோனாவூருக்கு வா. ஏமி கார்மைக்கேல் அம்மா மாட்டு வண்டி கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போயி சுவிசேஷம் சொல்லிக்கிட்டு இருந்தவங்க. 1901-ல தேவதாசியாக் கோயில்ல விட இருந்த ஒரு சின்னப் பிள்ளை தப்பிச்சு அவங்ககிட்ட வந்து சேந்துச்சு. பின்னாலயே ஒவ்வொண்ணா வந்துச்சு. வண்டி நின்னுபோச்சு. பிரசங்கம் பண்ண வந்தவ பிள்ளைக்கு மூக்குத் தொடச்சுக்கிட்டுக் கிடக்காளேன்னு பேச்சும் வந்துச்சு. அந்த அம்மா அசையல. 1951-ல கண்ணை மூடுனாங்க. அவங்க கல்லறையில போயிப் பாரு, பெரிய கல்லு கிடையாது. பறவை தண்ணி குடிக்கச் சின்னத் தொட்டி, அதுல அம்மான்னு பிள்ளைங்க கூப்பிட்ட சொல்லு மட்டுந்தான். வண்டியில போயிப் பண்ணுன பிரசங்கம் எத்தனைன்னு அதுல எழுதல.

நான் எப்படி ஜெபிச்சேன்னு கேக்க மாட்ட. ஆனாலும் சொல்லுதேன். பனைக் காலம் வந்தா எனக்குக் கோயிலு கருப்பட்டி காய்ச்சுத விடிலிதான். உங்க தாத்தா இறக்கிப்போடுத பதனியை ஊத்தி, ஓலையையும் மட்டையையும் தள்ளித் தள்ளி எரிக்கணும். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டா நுரை அடங்கும். பொறவு துடுப்பு வச்சுக் கிண்டிக்கிட்டே இருக்கணும். பதம் தப்புனா சிரட்டையில ஊத்துனாலும் கருப்பட்டி கட்டாது, கூழாத்தான் கிடக்கும். அங்கன போயி கண்ணை மூடிக்கிட்டு ஜெபிக்க முடியுமா? பாகு அடிபிடிச்சுரும், தாத்தா வையுவாரு. அதனால கண்ணைத் திறந்துக்கிட்டே ஜெபிச்சேன். துடுப்பு ஒரு சுத்துக்கு ஒரு பேரு. உன் மாமனாரு பேரைச் சொல்லும்போது மட்டும் ரெண்டு சுத்து, அவன் அப்படிப்பட்ட பய. கண் திறந்து பண்ணுன ஜெபத்தை ஆண்டவரு திருப்பி அனுப்புனதா எனக்குத் தெரியல.

வேதத்துலயும் அப்படித்தான். நெகேமியா ராஜாவுக்குத் திராட்சரசம் ஊத்திக் கொடுக்கவன். ராஜா ஒரு கேள்வி கேட்டான். அதுக்கு இவன் பதில் சொல்லுததுக்கு முன்னாடி, அந்த இடுக்குல, ஒரு ஜெபம் பண்ணிட்டான். உன் ஆபீசுல மேனேஜர் கேள்வி கேக்கும்போது நீ செய்யலாம்லா? 119-ஆம் சங்கீதத்துக்கு 176 வசனம், 117-ஆம் சங்கீதத்துக்கு ரெண்டே ரெண்டு. ரெண்டையும் ஒரே ஆண்டவருதான் உள்ள வச்சிருக்காரு. ஸ்கூல் வேன் வாற நாளைக்கு 117, லீவு நாளைக்கு 119. லீவு நாளைக்கும் 117-ஐயே வாசிச்சா எனக்குத் தெரிஞ்சுபோகும், சொல்லிட்டேன்.

அந்தக் காலத்துல சோத்துக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்து காணிக்கைப் பானையில போடுவோம். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகும். அரிசி பெரிசில்ல, ஏட்டி. உலை வைக்கும்போதெல்லாம் கை ஒரு நிமிசம் நிக்கும், அந்த நேரத்துல வாயில ஒரு பேரு வரும். இப்ப நீங்க மாசத்துக்கு ஒருக்கா கூகுள் பேயில தட்டி விட்டுட்டுப் போறீங்க. காணிக்கை போய்ச் சேருது, ஜெபம்தான் பாங்குல நிக்கி. டப்பா ஒண்ணு வாங்கி அரிசி டிரம்முக்குப் பக்கத்துல வை.

போனைப் பத்தியும் சொல்லிருதேன். விடியக்காலம் உனக்கு வசனப் படம் வருது. வாசிக்காமலே நாப்பது பேருக்கு அனுப்புத. அவங்களும் வாசிக்காம உனக்கே திருப்பி அனுப்புதாங்க. யூடியூபுல பிரசங்கம் ஓடுது, இந்தப் பக்கம் மிக்ஸி ஓடுது. ரெண்டுல எது ஜெயிக்கும்னு எனக்குத் தெரியும், சட்னி அரைச்சவ நான்.

ராத்திரி குடும்ப ஜெபம் நடக்குதாம், சந்தோசம். ஆனா உன் புருஷன், அதான் என் பேரன், கீர்த்தனையை எட்டுச் சரணமும் பாடுதானாம், பொறவு உலகத்துல உள்ள அத்தனை நாட்டுக்கும் ஜெபிக்கானாம். பிள்ளைங்க தூங்கி விழுந்தா அதுங்களை வையுதானாம். ஒரு சரணம் போதும், நாலு வசனம் போதும். சின்னவன் ஜெபத்துல பக்கத்து வீட்டு நாய்க்குட்டி வந்தா வரட்டும், தடுக்காத.

கடைசியா உன் புருஷன் விசயத்துக்கு வாறேன். எனக்குப் பேரன்தான், ஆனாலும் சொல்லுதேன். புருஷன் பொண்டாட்டிக்குத் தலைன்னு பவுல் எழுதுனதை அவன் நல்லா மனப்பாடமா வச்சிருக்கான். தலைன்னா முதல்ல எழும்ப வேண்டியது அதுதான? உடம்பு எழும்பிச் சோறு பொங்கி, துணி துவைச்சு, பிள்ளைக்குத் தலை பின்னி முடிச்ச பொறவு தலை மட்டும் ஏழரைக்கு எழும்பி காப்பி கேட்டா எப்படி? அதனால நாளைக்கு அலாரத்தை உன் தலைமாட்டுல வைக்காத, அவன் காதுப் பக்கத்துல வை. பாலை அவன் ஆத்தட்டும், பெரியவளுக்கு அவன் சீவி விடட்டும், கோணலா இருந்தாலும் பரவாயில்ல. நீ கதவைச் சாத்திட்டுக் கால் மணி நேரம் உக்காரு. யாரு சொன்னாங்கன்னு கேட்டா ஆச்சி சொன்னான்னு சொல்லு. என்கிட்ட வந்து பேசச் சொல்லு அவனை.