கபிலருக்கு அபராதம்

மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலின் தலபுராணம் இப்படிப் போகிறது: கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணில் புதைந்திருந்த லிங்கத்தின் மேல் தினமும் பால் சொரிந்தார். பால் வீணாகிறதே என்று மேய்ப்பவன் பசுவை அடித்தான். அதோடு போயிற்று. இன்றைக்கு நடந்திருந்தால் மாடு பிடிக்கும் வண்டி வந்திருக்கும். முனிவர் பட்டியில், மேய்ப்பவன் ரசீதுக்கு வரிசையில்.

மாடம்பாக்கம் இப்போது தாம்பரம் மாநகராட்சி. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக் கட்டி 70 வார்டு ஆக்கினார்கள். ராத்திரி பேரூராட்சி மாடாகப் படுத்தது, காலையில் மாநகராட்சி மாடாக எழுந்தது. புல் மட்டும் பதவி உயர்வு பெறவில்லை. மேய்க்கால் புறம்போக்கு என்றொரு வகை வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கிறது. மேயத்தான் இடமில்லை, ஏரிக்கரை வரை ஏதாவதொரு நகர் வந்துவிட்டது.

நகரத்தில் கால்நடை வளர்க்க உரிமம் வேண்டுமென்று 1997இலேயே சட்டம் போட்டார்கள். போட்டுவிட்டுத் தூங்கினார்கள். எழுப்புவதற்குக் கொம்பு தேவைப்பட்டது. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியை மாடு முட்டிய காட்சியை ஊரே பார்த்தது. சென்னையில் தெருவில் திரியும் மாட்டுக்கு அபராதம் 5,000 ரூபாய் ஆயிற்று. 2024 ஜூனில் திருவொற்றியூரில் ஒரு பெண்ணை எருமை தரதரவென்று இழுத்துப் போயிற்று. அடுத்த மாதமே 10,000. மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவது யார் என்று இனியும் கேட்பீர்களா?

கறந்த கையோடு மாட்டை அவிழ்த்துவிடும் மகராசர்களுக்கு இந்தத் தொகை போதாது என்பேன். பால் காசு அவர்களுக்கு, தீனிச் செலவு நம் குப்பைத்தொட்டிக்கு. ஜி.எஸ்.டி. சாலை நடுவில் படுத்து அசைபோடும் மாட்டின் மேல் ராத்திரியில் பைக்கை விட்டு விழுகிறவனுக்கு யார் ரசீது கொடுப்பது? அது தின்ற பிளாஸ்டிக் பையின் மிச்சத்தைத்தான் காலையில் டிகிரி காப்பி என்று நாம் உறிஞ்சுகிறோம்.

ஆனால் ரசீதுப் புத்தகத்தை நீட்டும் கை யாருடையது? பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் பல பத்தாண்டுகளாகக் குப்பையை மலையாய்க் குவித்தது சென்னை மாநகராட்சி. அந்தச் சதுப்பு 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். தெருவில் சாணி போட்ட மாட்டுக்கு வண்டி வருகிறது. சதுப்பு நிலத்தையே குப்பைக்காடாக்கியவர்களைக் கயிறு போட்டு இழுத்துப்போக எந்த வண்டி வந்தது?

நாமும் லேசுப்பட்டவர்களா! ஏரியோரத்தில் புது ஃபிளாட் வாங்கியதும் கிரகப்பிரவேசத்துக்கு மாடு வேண்டும். வாடகை பேசிக் கூட்டிவந்து, மஞ்சள் குங்குமம் வைத்து, அகத்திக்கீரை கொடுத்து, டைல்ஸ் தரையில் வழுக்க வழுக்கக் கூடத்தைச் சுற்றவைப்போம். கோமியம் பெய்தால் ஐயருக்கும் சந்தோஷம். மறுவாரம் அதே மாடு கேட்டருகே வந்து நின்று எட்டிப் பார்க்கும். செக்யூரிட்டியிடம் கத்துவோம்: "யாருய்யா இந்த மாட்டை உள்ளே விட்டது? மாநகராட்சிக்குப் போன் போடு!"