ஹோமருக்குப் பக்கத்தில் புறநானூறு

கேள்வி: பிரெஞ்சு இலக்கியம் படிக்கப் பாரிஸ் போகிறேன் என்கிறாள் மகள். புத்தகம் இங்கேயே கிடைக்குமே, அவ்வளவு தூரம் எதற்கு?
– ஒரு தகப்பனார், சோரியாங்குப்பம்

பதில்: புத்தகம் வந்துவிடும் ஐயா, வாத்தியாரும் வகுப்புத் தோழர்களும் பார்சலில் வரமாட்டார்கள். ஈழத்துத் திறனாய்வாளர் கைலாசபதி சங்கப் பாடல்களை ஆராயப் போன இடம் பர்மிங்ஹாம்! கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் படித்தார். ஹோமரின் வீரர்களுக்குப் பக்கத்தில் நம் புறநானூற்று மறவர்களை நிறுத்திப் பார்த்தார். சொந்த இலக்கியமே அவருக்குப் புதிதாகத் தெரிந்தது. 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அந்த ஆய்வை நூலாக்கியது. இந்தப் பார்வைக்காகவே மகளை அனுப்பலாம். பெட்டியில் உங்கள் பக்கத்துச் சேலியமேட்டு வாணிதாசன் கவிதைகளையும் வையுங்கள். பிரெஞ்சும் அறிந்த பாகூர்ப் பக்கத்துக் கவிஞரைப் பாரிஸ் தோழிகளுக்கு அவளே அறிமுகம் செய்யட்டும்.