கருணைக்கு மணிக்கணக்கு

பெறுநர்: அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இயங்கும் மருத்துவர் உதவியாளர் பயிற்சித் திட்டங்களின் மாண்புமிகு சேர்க்கைக் குழுவினர்.

பொருள்: தகுதியற்றோர் தொழிலுக்குள் நுழைந்துவிடாமல் காத்துவருவதற்கு நன்றி தெரிவித்தலும், அக்காவலை மேலும் இறுக்குவதற்குச் சில வழிவகைகளைப் பரிந்துரைத்தலும் – தொடர்பாக.

பார்வை: வடகரோலைனா மாநிலம், டியூக் பல்கலைக்கழகம், 1965-ஆம் ஆண்டின் முதல் வகுப்பு.

மதிப்பிற்குரியீர்,

மருத்துவர் உதவியாளர் என்போர், மருத்துவரின் மேற்பார்வையிலோ அவரோடு இணைந்தோ நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதிக் கொடுத்து, அறுவை அரங்கிலும் துணைநிற்கும் உரிமம் பெற்றவர்கள் என்பதும், பெரும்பாலும் இரண்டேகால் ஆண்டளவில் முடிந்துவிடும் முதுநிலைப் பயிற்சியே அவர்களை உருவாக்குகிறது என்பதும் குழுவினர் அறிந்தவையே. அப்பயிற்சியைக் காட்டிலும் அதற்குள் நுழைவதற்கான ஆயத்தமே நீண்ட காலம் பிடிக்கும்படி செய்யப்பட்டிருக்கும் ஏற்பாடுகள்தாம் இதுவரை போதிய பாராட்டைப் பெறவில்லை. அக்குறையைப் போக்குவதே இம்மடலின் நோக்கம்.

இத்தொழில் ஒரு நிராகரிப்பிலிருந்து பிறந்தது என்பதை முதலில் நினைவுகூர்தல் தகும். டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் யூஜீன் ஸ்டெட், 1950-களின் பிற்பகுதியில் தெல்மா இங்கிள்ஸ் என்னும் செவிலியப் பேராசிரியருடன் சேர்ந்து, அனுபவமுள்ள செவிலியருக்கு மருத்துவப் பணியில் மேற்பயிற்சி அளிக்கும் படிப்பொன்றை வகுத்தபோது, தேசியச் செவிலியக் கழகம் அதற்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. மறுக்கப்பட்டவர் மனம் தளராமல் வேறு பக்கம் திரும்பி, கடற்படையில் ‘கார்ப்ஸ்மன்’ எனப்படும் மருத்துவப் பணியாளர்களாக, அதாவது காயம்பட்ட வீரரின் உடலில் முதலில் கைவைப்போராக இருந்து, படையை விட்டு வெளியே வந்தபின் அந்தத் திறனுக்கு ஊருக்குள் ஒரு வேலையும் இல்லாமல் நின்றவர்களுள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு, 1965-இல் வகுப்பைத் தொடங்கினார். அவர்களுள் மூவர் 1967 அக்டோபர் 6 அன்று பயிற்சியை முடித்து வெளியேறினர். ஆகவே நிராகரிப்பு என்பது இத்தொழிலுக்குப் பிறப்புரிமை; அதை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு மின்னஞ்சல் வழியே தாராளமாகப் பகிர்ந்தளிக்கும் குழுவினர் மரபைப் பேணுபவர்களே அன்றி வேறல்லர்.

அந்த நால்வரும் இன்று விண்ணப்பித்தால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்த்தால், அறுபது ஆண்டுகளில் காவல் எவ்வளவு உறுதிப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். அன்று இளநிலைப் பட்டம் கேட்கப்படவில்லை. பயிற்சியின் முடிவில் முதுநிலைப் பட்டம் கொடுக்கப்படவும் இல்லை. இன்றோ, பயிற்சித் திட்டங்களை மதிப்பிடும் அங்கீகார ஆணையம் 2020-க்குள் எல்லாத் திட்டங்களும் முதுநிலைப் பட்டம் வழங்குவனவாக மாறியிருக்க வேண்டும் என்று விதித்துவிட்ட நிலையில், பட்டமில்லாத கடற்படை வீரரின் விண்ணப்பம் எந்த மனிதக் கண்ணிலும் படாமலேயே கணினியால் கழிக்கப்பட்டுவிடும். வடகரோலைனாவின் கார்லண்ட் என்னும் சிற்றூரில் பொது மருத்துவராக இருந்த ஏமோஸ் ஜான்சன், ட்ரெட்வெல் என்னும் கறுப்பின உதவியாளருக்குத் தாமே தொழில் கற்றுக்கொடுத்து, தாம் வெளியூர் சென்ற நாட்களில் மருத்துவகத்தையே அவர் பொறுப்பில் விட்டுச் சென்றதும், அந்த ஏற்பாடு ஸ்டெட்டின் சிந்தனையைத் தூண்டியவற்றுள் ஒன்றாக இருந்ததும் இத்தொழிலின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுபவை. இத்தொழிலுக்கே முன்மாதிரியாக நின்ற அந்த மனிதரிடம் இருந்திருக்கக்கூடியது ஒரு மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் மட்டுமே. குழுவினரோ மூன்று கேட்கின்றனர், அவற்றுள் ஒன்று அறிவியல் பேராசிரியரிடமிருந்து வருவதையே விரும்பும் திட்டங்களும் உண்டு. ட்ரெட்வெல்லின் விண்ணப்பம் ‘முழுமை பெறாதது’ என்ற நிலையிலேயே காலாவதியாகியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

குழுவினரின் சாதனைகளுள் தலையாயது, அனுபவத்தை எண்ணாக மாற்றியதே. ஒரு திட்டம் 500 மணி நேரமும், அடுத்தது 1,000 மணி நேரமும், இன்னொன்று 2,000 மணி நேரமும் நோயாளிகளைப் பராமரித்த அனுபவம் வேண்டும் என்கிறது. 2,000 மணி என்பது வாரத்துக்கு நாற்பது மணி வீதம் ஏறத்தாழ ஓராண்டு முழுநேர உழைப்பு. இவ்வனுபவம் இரு வகைப்படும். நோயாளியின் உடலோடும் சிகிச்சையோடும் நேரடியாகத் தொடர்புடைய வேலை ‘நோயாளிப் பராமரிப்பு அனுபவம்’ என்றும், மருத்துவமனைக்குள் நடந்தாலும் நோயாளியைத் தொடாத வேலை ‘மருத்துவத்துறை அனுபவம்’ என்றும் பிரிக்கப்படுகின்றன. முன்னது தங்கம், பின்னது பித்தளை. மருத்துவர் நோயாளியோடு பேசும்போது அறையின் மூலையில் அமர்ந்து அனைத்தையும் கணினியில் பதிவு செய்யும் ‘ஸ்கிரைப்’ எனப்படும் குறிப்பெழுத்தர், ஒரு திட்டத்தின் கண்ணில் நோயாளியைப் பராமரித்தவராகவும் மறு திட்டத்தின் கண்ணில் வெறுமனே தட்டச்சு செய்தவராகவும் ஒரே நாற்காலியில், ஒரே நேரத்தில் தோற்றமளிக்கிறார்.

முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்யும் செவிலிய உதவியாளர் ஒருவரின் மணி நேரத்தை அருகிலிருந்து நோக்கினால் இக்கணக்கின் நுட்பம் மேலும் புலப்படும். பக்கவாதத்தால் அசைய முடியாத மூதாட்டிக்குப் படுக்கைப் புண் வராதிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை ஒருக்களித்துத் திருப்பி, முதுகுக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்கு இடையில் ஒன்றும் கொடுத்து, குதிகால்கள் மெத்தையில் அழுந்தாமல் தூக்கி வைப்பது பராமரிப்பு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மூதாட்டி மேலே படுத்திருக்கையிலேயே ஈரமான விரிப்பை உருவி மாற்றுவதும் பராமரிப்பே. அவரைக் குளியலறைக்குக் கொண்டுசென்ற பிறகு அதே விரிப்பை மாற்றினால் அது பராமரிப்பா, வீட்டுவேலையா? திருப்பி முடித்த பின்னும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இறந்துபோன மகன் எப்போது வருவான் என்று அவர் கேட்க, உதவியாளர் பத்து நிமிடம் பதில் சொல்லாமல் நின்றால், அப்பத்து நிமிடம் எந்தப் பத்தியில் நிரப்பப்பட வேண்டும்? இத்தகைய குழப்பங்களைத் தவிர்க்கும் பொருட்டு, ஒவ்வொரு வேலைக்கும் உரிய மாற்று விகிதத்தை, நாணயச் சந்தையில் நடப்பதுபோல், நாள்தோறும் காலையில் வெளியிடலாம் என்று இம்மடல் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் நோயாளியிடமே கையொப்பம் பெறச் செய்வதும் நன்று. கையொப்பமிடுவதற்கு முன் இறந்துவிடும் நோயாளிகளின் மணிகள் செல்லுமா என்பதை மட்டும் முன்கூட்டியே தெளிவுபடுத்திவிடல் வேண்டும்.

பணியிலிருக்கும் மருத்துவர் உதவியாளர் ஒருவரின் பின்னாலேயே நடந்து அவர் செய்வதைப் பார்த்துப் பழகுவதற்கும் தனியாக மணிக்கணக்கு உண்டு. அனுமதி கேட்டு எழுதினால் மருத்துவமனைகள், நோயாளர் தகவல்களைக் காக்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிக் கைவிரித்துவிடும். மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவருக்கோ சாப்பாட்டு மேசையிலேயே அனுமதி கிடைத்துவிடும் என்பதால், இந்நிபந்தனை பிறப்பையும் நுட்பமாக அளந்துவிடுகிறது. இது வேண்டுமென்றே செய்யப்பட்டதன்று என்று நம்ப இடமுண்டு.

2001 முதல் இயங்கிவரும் ‘காஸ்பா’ என்னும் மையப்படுத்தப்பட்ட விண்ணப்பச் சேவையும் பாராட்டுக்குரியது. விண்ணப்பதாரர் கல்லூரியில் படித்த ஒவ்வொரு பாடத்தையும், அதன் எண், பெயர், பருவம், அலகு, மதிப்பெண் ஆகியவற்றோடு நிரப்ப வேண்டும். கல்லூரிகளும் அதே தகவல் அடங்கிய சான்றினைத் தனியே அனுப்ப வேண்டும். பின்னர் இரண்டும் ஒப்பிடப்பட்டு, பல வாரங்களும் ஆகக்கூடிய சரிபார்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே சான்றில் இருந்ததே உண்மை என்று நிலைநாட்டப்படுகிறது. பதினெட்டு வயதில் கரிம வேதியியலில் ‘சி’ வாங்கியவர், திருந்தி, மறுபடி கட்டணம் கட்டி, அதே பாடத்தில் ‘ஏ’ வாங்கினாலும், பழைய மதிப்பெண் அழிக்கப்படாமல் புதியதோடு சேர்த்தே சராசரி காணப்படுகிறது. நோயாளியின் பழைய நோய்களை அவர் குணமான பின்பும் குறிப்பேட்டில் வைத்திருக்கும் மருத்துவ ஒழுக்கத்தின் நீட்சியாக இதைக் கொள்ளலாம்.

தன்விளக்கக் கட்டுரைக்கு விதிக்கப்பட்டுள்ள வரம்பு 5,000 எழுத்துக்குறிகள். அதில் இடைவெளிகளும் அடக்கம். சொல்லாமல் விட்ட இடத்துக்கும் கணக்கு வைக்கும் இவ்வரம்புக்குள், தாம் ஏன் மருத்துவர் உதவியாளராக விழைகிறார் என்பதை விண்ணப்பதாரர் விளக்க வேண்டும். அதன் ஊடாக, ஏன் மருத்துவராக விழையவில்லை என்ற நேர்காணல் வினாவுக்கும் ஆயத்தமாக வேண்டும். இவ்வினாவுக்கு உண்மையான விடைகள் சிலவே. மருத்துவப் படிப்பும் அதன்பின் வரும் உறைவிடப் பயிற்சியும் ஏழாண்டோ அதற்கு மேலோ பிடிக்கும். அத்தனை காலம் காத்திருக்கச் சிலருக்கு வயதில்லை, பலருக்குப் பணமில்லை. மருத்துவர் பற்றாக்குறைக்கு விரைவான, சிக்கனமான விடையாகத்தான் இத்தொழிலே கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும் காலத்தையோ பணத்தையோ வாயெடுத்துச் சொன்னவர் ஆர்வம் குன்றியவராகக் கருதப்படுவார் என்பதால், விண்ணப்பதாரர்கள் குழுப்பணியில் தமக்குள்ள தீராக் காதலையும், புதிதாக உறைவிடப் பயிற்சி பெறாமலேயே ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு மாறும் வாய்ப்பையும் குறித்து மனமுருகி எழுதுகின்றனர். பயிற்சிக் கட்டணம் மட்டுமே பல இடங்களில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவதும், முதுநிலை மாணவர் நம்பியிருந்த ‘கிராட் பிளஸ்’ என்னும் கூட்டாட்சிக் கடன் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2026 ஜூலை முதல் புதியவர்களுக்குக் கிடையாது என்பதும் அக்கட்டுரையில் இடம்பெறத் தகாத செய்திகள். கட்டுரைகளில் நோயுறும் பாட்டிகளின் எண்ணிக்கை குறித்துப் பொதுச் சுகாதாரத் துறை ஆராய வேண்டிய நிலை வந்திருப்பதும் குழுவினர் அறியாததன்று.

கட்டணங்களைப் பற்றி விரிவாகப் பேசுவது நாகரிகமன்று. முதல் திட்டத்துக்குச் சுமார் 180 டாலர், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் சுமார் 60 டாலர் எனக் கொண்டால், பத்துத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க 700 டாலருக்கு மேல் ஆகும்; மணிக்குப் பதினெட்டு டாலர் பெறும் செவிலிய உதவியாளருக்கு அது ஏறத்தாழ ஒரு வாரம் முழுவதும் நோயாளிகளைத் திருப்பிப் போட்ட கூலி. பல திட்டங்கள் தமக்கென்று கேட்கும் துணை விண்ணப்பக் கட்டணமும், நுழைவுத் தேர்வுகளின் கட்டணமும் இதில் சேரவில்லை. கற்பனையான இக்கட்டுகளைக் காட்டி, சில நிமிடங்களுக்குள் விடையைத் தட்டச்சு செய்யவைத்து இரக்க குணத்தை அளக்கும் தேர்வும் அவற்றுள் ஒன்று. வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரியாதவரின் இரக்கம் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. இவற்றோடு, வந்த வரிசையிலேயே விண்ணப்பங்களைப் பரிசீலித்து இடங்களை நிரப்பிக்கொண்டே போகும் முறையும் பல திட்டங்களில் நடைமுறையில் உள்ளது. ஏப்ரல் இறுதியில் வாயில் திறக்கும். கடைசி நாள் என்று அறிவிக்கப்படுவதோ பல மாதங்களுக்குப் பிந்தியது. அந்நாளை நம்பி வந்தவருக்குக் கடைசிப் பந்தியில் ரசம் மட்டுமே மிஞ்சும்.

ஐம்பது, அறுபது இடங்களுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வரும்போது ஏதேனும் ஒரு சல்லடை தேவைப்படும் என்பதை மறுப்பதற்கில்லை. இடங்களைப் பெருக்க இயலாமைக்குக் காரணம், மாணவரைத் தம்மோடு வைத்துக் கற்பிக்கும் மருத்துவமனைகளும் மருத்துவகங்களும் போதாமையே என்பதும் இத்துறையினர் நெடுங்காலமாக அறிந்ததே. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மித் 1969-இல் தொடங்கிய ‘மெடெக்ஸ்’ திட்டம், படையிலிருந்து வந்த மருத்துவப் பணியாளர்களைச் சிற்றூர் மருத்துவர்களோடு நேரடியாக இணைத்து இதே சிக்கலுக்கு ஒரு வழி காட்டியது. சிற்றூர் மருத்துவர்களைத் தேடிச் சென்று கதவைத் தட்டுவதைக் காட்டிலும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு பக்கம் கூட்டுவது எளிது என்னும் குழுவினரின் நடைமுறை அறிவும் மதிக்கத்தக்கதே.

நிறைவாக ஒரு பரிந்துரை. ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்துக்கும் முன்பு, குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் திட்டத்துக்குத் தாமே ஒருமுறை விண்ணப்பித்துப் பார்க்கலாம். பல திட்டங்கள் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு முன் படித்த அறிவியல் பாடங்களைச் செல்லாதவை என்று ஒதுக்குவதால், உறுப்பினர் பலரின் உடற்கூறியல் இந்நேரம் காலாவதியாகியிருக்கும். மனித உடலின் 206 எலும்புகளும் அன்று போலவே இன்றும் இருக்கின்றன என்ற வாதம் ஏற்கப்பட மாட்டாது. அவர்கள் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்து அப்பாடத்தை மீண்டும் முடித்துக்கொள்ளலாம். ஆய்வகம் கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம் இருக்கக்கூடும், செவிலியப் படிப்புக்கு ஆயத்தமாவோரும் அதே வகுப்பைத் தேடி வருவதால் இடம் கிடைப்பது அரிது என்பதையும் கருத்தில் கொண்டு, பதிவு திறக்கும் நாளிலேயே பெயரைக் கொடுத்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
‘பரிசீலனையில் உள்ளது’ என்னும் நிலையில் உள்ள விண்ணப்பங்களின் சார்பாக.