முதன்முறைப் போட்டியாளர் மரபு: சித்தன்னவாசல் சான்றுகள் வழி ஓர் ஆய்வு

எழுத்துப் போட்டிக்கு முதல் தடவையாகக் கதை அனுப்புகிறவர் அந்தக் கதையை எப்போது எழுதுகிறார்? தமிழாய்வு இன்றுவரை தொடாத கேள்வி இது. பரிசு வாங்கியவர்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர்கள் உண்டு. விதிமுறைத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிகிறவரைப் பற்றி அரைப் பக்கம்கூட எழுதியவர் இல்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. களம், புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள சித்தன்னவாசல். ஆய்வுக்கு உட்பட்டவர், பக்கத்து அன்னவாசலில் வசிக்கும் ஓய்வுபெற்ற காசாளர். ஆய்வறம் கருதி அவரை இனி ‘போட்டியாளர்’ என்றே குறிப்போம்.

போட்டி விதிகளில் தொன்மை வாய்ந்தது, ‘படைப்பின் எந்தப் பக்கத்திலும் பெயர் இருக்கக் கூடாது, தனித்தாளில் எழுதி இணைக்கவும்’ என்பது. இவ்விதியை மதித்தோர், மதியாதோர் என இரு மரபுகள் தமிழகத்தில் இருந்தன என்பதும், இரண்டுக்கும் சித்தன்னவாசல் மலையிலேயே சான்று உண்டு என்பதும் நம் துணிபு.

மதியாதோர் மரபை முதலில் பார்ப்போம். ஏழடிப்பட்டத்துக்கு மலை ஏறித்தான் போகவேண்டும். பாறையில் வெட்டிய ஏழு படிகளால் வந்த பெயர். வெயிலில் ஏறி மூச்சு வாங்க உள்ளே நுழைந்தால், இயற்கைக் குகையில் 17 கற்படுக்கைகள். மழமழவென்று தேய்த்து, தலைமாட்டை மட்டும் தலையணை போல உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். சமணத் துறவிகள் தவமிருந்த இடம். படுக்கைகளில் பெரியதன் ஓரமாகத் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு ஓடுகிறது. கிறிஸ்துவுக்கு முந்தையது என்பது அறிஞர் கருத்து. அதில் இருக்கும் சேதி என்ன? எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு, சிறுபாவில் என்னும் ஊரைச் சேர்ந்த இளையர் செய்துகொடுத்த இருக்கை இது என்பதுதான். நாடு, பிறந்த ஊர், பெயர், கொடுத்தவர் விவரம்: எல்லாம் உண்டு. கதை மட்டும் இல்லை! தனித்தாளில் போகவேண்டியதைப் படைப்பிலேயே எழுதிவிட்டார்கள் என்பது வெளிப்படை. சுமார் 2,000 ஆண்டுக்கு முன்பே இந்தப் பிழை தொடங்கிவிட்டது என்பதறிக. மற்றப் படுக்கைகளிலும் பிற்காலத்தார் பெயர்களே காணப்படுகின்றன. பக்கத்துப் பாறையில் அம்புக்குறி பாய்ந்த இதயத்தோடு பெயர் கீறிவிட்டுப் போகும் இக்காலத்தாரை இம்மரபின் கடைக்கோடி வாரிசுகள் எனலாம். தொல்லியல் துறை இவர்களைக் குற்றவாளிகள் என்கிறது. நாமும் அப்படியே கருதுகிறோம்.

இனி, விதியை மதித்தோர். கீழே அறிவர் கோயில் குடைவரையில், கூரையில் ஒரு தாமரைக் குளம். மீன், பறவை, யானை, எருமை எல்லாம் அதில் இருக்கின்றன. நடுவில் மூன்று பேர் பூப்பறிக்கிறார்கள். சுண்ணாம்பின் வெள்ளை, கரியின் கறுப்பு, காவிக்கல்லின் சிவப்பு ஆகியவற்றைக் கொண்டு அண்ணாந்த கழுத்தோடு வரைந்தவர் யார்? பெயர் இல்லை. தனித்தாளில் எழுதி இணைத்திருக்கவேண்டும். அந்தத் தாள் தொலைந்துவிட்டது. 1920 வாக்கில் து. அ. கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் துப்ராய்லும் எடுத்துச் சொன்ன பிறகுதான் உலகம் இந்த ஓவியங்களைத் திரும்பிப் பார்த்தது. போட்டி முடிவு தாமதமாவது புதிய பழக்கமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் அதே குடைவரையை ஒட்டிய பாறையில் ஒரு பெயர் இருக்கிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன், 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் கோயிலைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்ததை ஒரு பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறார். வரைந்தவர் பெயர் போயிற்று, செப்பனிட்டவர் பெயர் நின்றது. நம் போட்டியாளர் அந்தக் கல்வெட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். “சொந்தப் பேருல இவ்ளோ பெரிய பாட்டு. இவரு ஜெயிச்சிருப்பாருங்களா?” என்று கேட்டார். அப்போது நாம் கருவறையில் இருந்தோம். அங்கே வாயை மூடி ‘ம்’ என்று முனகினால் சுவரெல்லாம் சேர்ந்து முனகும். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார்.

மலைக்கு ஏன் வந்தார் என்று ஐயுறலாம். ‘சூழல் அமையணும்’ என்பது அவர் விளக்கம். கதை எழுதுமுன் செய்தாக வேண்டிய காரியங்களாக அவர் வைத்திருந்த பட்டியல் நீளமானது: ஏ4 தாள் ஒரு கட்டு, நீல மை ஜெல் பேனா (கறுப்பு மை துக்கமாம்), ஸ்டாப்ளர், பெரிய பழுப்பு உறை, புனைபெயர். புனைபெயருக்கே அதிக நாள் பிடித்தது. ‘இது என் சொந்தக் கற்பனை, வேறெங்கும் வெளிவராதது’ என்ற உறுதிமொழியை முதல் நாளே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார். கதை ஒரு வரிகூட இல்லாத நிலையில் அதன் உண்மையை யாரும் மறுக்கவே முடியாது. தர்க்க நூலார் இவ்விடத்தை ஊன்றிக் கவனிக்க.

குடும்பச் சூழல் பற்றியும் பதிந்தாக வேண்டும். ஒரு மாலை நம் எதிரிலேயே நடந்த உரையாடல்:

“ஏங்க, கதையில என்னதான் வருது?”

“அதெல்லாம் கடைசியிலதான் தெரியும். உமாசந்திரனோட முள்ளும் மலரும்கூட கல்கி வெள்ளிவிழாப் போட்டிக்கு வந்த நாவல்தான், தெரியுமா உனக்கு?”

“அது ரஜினி படம்ல? ரேஷனுக்குப் போயிட்டு வந்து எழுதுங்க.”

இங்கே நம் கொள்கைக்கு இடையூறான ஒரு சான்றை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. இதே மாவட்டத்துப் பெருங்களூரில் 1922இல் பிறந்த அகிலன், ‘பெண்’ என்ற நாவலை எழுதி 1946இல் கலைமகள் போட்டிப் பரிசை வாங்கினார். பின்னாளில் ‘சித்திரப்பாவை’க்காக ஞானபீடமும் பெற்றார். போட்டிக்கு அனுப்புமுன் நாவலை முழுசாக எழுதி முடித்திருக்கிறார் என்றே தெரிகிறது. இது முதன்முறைப் போட்டியாளர் இயல்புக்கு முற்றிலும் மாறானது. ஆய்வுலக வழக்கப்படி இதை விதிவிலக்கு என்று ஒதுக்கி மேலே செல்வோம்.

கடைசித் தேதிக்கு முந்தின இரவு போட்டியாளர் கதையை எழுதினார். ஒரே மூச்சில், நீல மையில், நன்றாகவே எழுதினார். காலையில் ஜெராக்ஸ் கடையில் தாள்களை அடுக்கும்போதுதான் விபரீதம் தெரிந்தது. ஆயுள் முழுக்க விண்ணப்பமும் பதிலுமாக எழுதிப் பழகிய கை, கதை முடிந்ததும் தன்னிச்சையாக ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ என்று போட்டு, முழுப் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்தும் இட்டிருந்தது. ஏழடிப்பட்ட மரபு! அடித்தால் அசிங்கம். திரும்ப எழுத நேரமில்லை, ஸ்பீடு போஸ்ட் கவுன்ட்டர் மூடிவிடும். சற்று யோசித்தவர், கடைசித் தாளை மட்டும் உருவி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தத் தாளில்தான் கதாநாயகி யார் வீட்டுக்குப் போகிறாள் என்ற முடிவும் இருந்தது.

நகல் எடுத்த பையன் மிச்சமிருந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

“சார், முடிவு சூப்பர் சார். அப்படியே விட்டுட்டீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க.”

போட்டியாளர் ஒன்றும் சொல்லவில்லை. உறையை ஒட்டுமுன் உறுதிமொழித் தாளை மட்டும் ஒருமுறை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டார்.