உறைக்கு வெளியே பரதம், உள்ளே கூத்து

எழுபதுகளில் இலங்கையின் மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடாவுக்கு வெள்ளைக்காரர் நிறைய வரத் தொடங்கியிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம் என்பதால் அந்தக் கடல் அவர்களுக்குப் பிடித்திருந்தது. கரையில் நின்ற சிறுவர்களான நாங்கள் அவர்களிடம் கேட்டது முத்திரை மட்டும்தான். கடித உறையின் மூலையைக் கிழித்துத் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீரில் ஊறவைத்து, பசை கழன்றதும் வீரகேசரிப் பத்திரிகைத் தாளில் கவிழ்த்துக் காயவைப்போம்.

ஆனால் எனக்கு உலகத்தைத் திறந்துவிட்டவன் தமிழ்நாட்டுப் பேனா நண்பன். வட ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பையன். இந்தியா 1975இல் ஆறு நடனங்களுக்கு முத்திரை வெளியிட்டது: பரதநாட்டியம், ஒடிசி, கதக், கதகளி, குச்சிப்புடி, மணிப்புரி. அதில் பரதநாட்டியத்தை ஒட்டி அவன் ஒரு கடிதம் போட்டிருந்தான். உள்ளே எழுதியிருந்தது வேறு ஆட்டத்தைப் பற்றி. அவன் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து. தோளிலும் தலையிலும் கட்டை கட்டி ஆடுகிறார்கள். கடைசி இரவு பதினெட்டாம் போர். உங்கள் ஊரில் இப்படி உண்டா என்று கேட்டிருந்தான்.

கடிதத்தை அம்மப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மத்தளம் அடித்த கை அவருடையது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அங்கயும் பதினெட்டாம் போர் ஆடுறாங்களா மனே? மறுகா, துரியோதனனுக்கு ஆர்?"

அன்றிரவு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எங்கள் கூத்தின் இரு வகைகளில், வடமோடியில் கரப்புடுப்பும் பெரிய கிரீடமும் உண்டு; தென்மோடியில் உடுப்பு இலேசு, ஆட்டம் நுணுக்கம். சட்டம், அதாவது அவரவர் பாட்டுப் பகுதி, கொடுத்த நாளிலிருந்து மாதக்கணக்கில் பழக வேண்டும். பிறகு சதங்கை அணிவார்கள், அடுக்குப் பார்ப்பார்கள், கடைசியில் அரங்கேற்றம். வட்டக்களரியின் நடுவில் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் நிற்பார், சுற்றிவர ஊரே இருக்கும். எங்கள் பக்கத்திலும் பாண்டிருப்பில், பழுகாமத்தில் திரௌபதை அம்மன் இருக்கிறாள், தீ மிதிக்கிறார்கள். எல்லாவற்றையும் எழுதி, அம்மப்பாவின் பழைய கடிதக் கட்டிலிருந்து கழற்றிய 4 சத முத்திரை ஒன்றையும் உள்ளே வைத்து அனுப்பினேன். 1950இல் இலங்கை வெளியிட்டது அது. படம் கண்டி நடனக்காரர்.

இரண்டு அரசுகளும் முத்திரையில் காட்டிய ஆட்டங்கள் வேறு. இரண்டு சிறுவர்கள் கடிதத்தில் பகிர்ந்துகொண்ட ஆட்டம் வேறு. கண்டி நடனமும் பரதமும் மாபெரும் கலைகள், அவற்றோடு எனக்கு வழக்கில்லை. கூத்துக்கும் அந்தச் சதுரத்தில் ஓர் இடம் வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரையோடு என் முத்திரைப் புத்தகத்தையும் கொண்டுபோனது. பிறகு யுத்தம். கடிதங்கள் நின்றுபோயின, அவன் முகவரியும் என்னிடம் இல்லை. 2004இல் ஆழிப்பேரலை. 2009இல் யுத்தம் முடிந்த பின்தான் பாசிக்குடா மீண்டும் எழுந்தது.

இன்று குடாவைச் சுற்றி நட்சத்திர விடுதிகள். விருந்தினர் படத்தைக் கைப்பேசியில் அனுப்பிவிடுகிறார்கள். தபாற்கந்தோர் எங்கே என்று கேட்பவரைக் காண்பது அரிது. ஒரு மாலை ஒரு விடுதி முற்றத்தில் அவர்களுக்காக நடனம் நடந்தது. நன்றாகவே ஆடினார்கள். ஆனால் சில மைல் தள்ளியிருக்கும் ஊர்களின் கூத்து அந்த முற்றத்துக்கு வரவில்லை. எழுபதுகளிலோ மத்தளச் சத்தம் கேட்டு வெள்ளைக்காரர் சிலர் தாங்களாகவே களரிக்கு நடந்து வந்து, விடியும்வரை மணலில் எங்களோடு இருந்தார்கள்.

முத்திரை உலகம் இதற்கிடையில் அழகான ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாடுகள் சேர்ந்து, ஆளுக்கொரு நாட்டார் ஆட்டத்தை அருகருகே வைத்து, தத்தம் பெயரும் விலையும் போட்டு வெளியிடுகின்றன. 2010இல் இந்தியாவும் மெக்சிகோவும் ராஜஸ்தானின் கால்பேலியாவையும் ஹராபே தபாத்தியோவையும் சேர்த்தன. 2017இல் ரஷ்யாவோடு பவாயும் பெரியோஸ்காவும். அதே ஆண்டு போர்த்துக்கலோடு வெளியிட்ட இணைதான் என் மனதை அள்ளியது: குஜராத்தின் தாண்டியாவும் மிராண்டாவின் பவுலித்தேரோசும். இரண்டுமே கோல் தட்டி ஆடுபவை. கடல்கள் தாண்டிய இரண்டு ஊர்களின் கோல்கள் ஒரு தாளில் தட்டிக்கொண்டன. (போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டியவர்கள், எங்கள் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் அவர்கள் விட்டுப்போன ஆட்டம் இன்றும் உண்டு. அதுவும் ஒரு முத்திரைக்குரிய கதைதான்.)

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இதைவிடப் பொருத்தமான இணை எது? ஒரு பக்கம் வடமோடி, மறுபக்கம் தெருக்கூத்து. அதே பாரதக் கதை, அதே திரௌபதை, அதே விடியற்காலை. படிப்பாளிகள் பார்வையில் கூத்து படாமலும் இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் கர்ணன் போரையும் பிறகு இராவணேசனையும் மேடையேற்றினார். அந்த இராவணனாக ஆடிய மௌனகுரு பின்னர் பேராசிரியராகி அதே கலைக்கு உழைத்தார். அறுபதுகளிலேயே பல்கலைக்கழகம் திறந்த கதவைத் தபால் திணைக்களமும் திறக்கலாம்.

முத்திரையில் அண்ணாவியாரும் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கிரீடம் வைத்த அரசனை மட்டும் வரைந்தால் போதாது. மத்தளமும், சல்லாரியும், களரியைச் சுற்றி நிற்கும் சனமும் சேர்ந்ததுதான் கூத்து.

எந்த முத்திரையை வெளியிடலாம் என்று பொதுமக்களும் யோசனை சொல்லலாம். வாசகர்களே, கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். தமிழ்நாட்டில் இருப்போர் இந்திய அஞ்சல் துறைக்கும், இங்கே இருப்போர் கொழும்பில் தபால் மா அதிபருக்கும் இந்த இணை முத்திரையைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள்.