விண்வெளிக் கொள்ளைக் கப்பல்களில் நாவிதர் பணியிடம்: வாலாஜாபாத்திலிருந்து ஒரு நோக்கு

கேப்டன் ஹார்லாக்கின் முகத்தில் பாதியைத் தலைமுடி மூடிக்கொண்டிருக்கிறது. வலது கண்ணில் கறுப்புக் கட்டு. தெரிகிற கன்னத்தில் நீளமாக ஒரு தழும்பு. ஜப்பானியச் சித்திரக்கதை ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோ 1977-இல் இந்த விண்வெளிக் கொள்ளையரைத் தனித் தொடராக வரையத் தொடங்கினார். 1978-இல் ரிந்தாரோவின் இயக்கத்தில் தொலைக்காட்சிக்கு வந்து 42 பகுதிகள் ஓடியது. அன்றிலிருந்து ரசிகர்கள் அந்த முடிக்குச் சோகம், தனிமை, மனிதகுலத்தின் மேல் வந்த சலிப்பு என்று விதவிதமாகப் பொருள் சொல்லிவருகிறார்கள். இந்தக் கட்டுரை அவை அனைத்தையும் மறுக்கிறது. அந்தக் கப்பலில் முடிவெட்ட ஆள் இல்லை. அவ்வளவுதான்.

ஹார்லாக்கின் ஆர்க்கேடியா கப்பலில் ஊழியர் 40 பேர். கதை நடப்பது 2977-இல். துணைத் தலைவர் யாட்டரான் பிளாஸ்டிக் மாதிரிக் கப்பல்களை ஒட்டிக்கொண்டிருப்பார். கூப்பிட்டால், வேலையாய் இருக்கிறேன் என்பார். மருத்துவர் ஸீரோவுக்குத் துணை ஒரு பூனையும் மதுக்குப்பியும். சமையலுக்கு மாஸு என்ற பாட்டி. மதுவை மட்டுமே உணவாகக் கொண்ட மீமே என்ற வேற்றுக்கிரகப் பெண் யாழ் வாசிக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பலைக் கட்டிய டோச்சிரோ இறந்துபோய், அவர் உயிர் கப்பலின் கணினிக்குள் குடியிருக்கிறது. செத்தவருக்குக்கூட ஒரு பணியிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாவிதருக்கு இல்லை.

ஒரு நிறுவனத்தில் ஆள் குறைகிறது என்று சொல்வதற்கு முன்னால் அளவுகோல் ஒன்று வேண்டும். அது நம் வட்டாரத்திலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டுச் சாலையில் போனால் பழையசீவரம்; பாலாற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலோடு சேர்ந்து நடந்த பள்ளிக்கும் ஆதுலர் சாலைக்கும் யார் யாருக்கு எவ்வளவு என்று அது கணக்குச் சொல்கிறது. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை. படுக்கை 15. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், தண்ணீருக்கு ஒருவர், இரவு முழுக்க எரிய விளக்கு. பள்ளி மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் எண்ணெய் ஒதுக்கியிருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் நாவிதர் ஒருவர். 15 கலம் நெல்.

படுக்கை 15-க்கு ஒரு நாவிதர் என்றால் 40 பேருக்கு விகிதப்படி இரண்டரை நாவிதர் தேவை. கொஞ்சம் கூடவே வரும். பூனையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆர்க்கேடியாவை இத்தோடு விட்டுவிடலாம். அது நிர்வாகமே இல்லாத கப்பல். ஆய்வுக்கு உகந்தது பெண்டென்மாரு. அந்தக் கப்பலின் கதை, யூய்ச்சி ஸஸமோட்டோவின் நாவல்களிலிருந்து டட்ஸுவோ ஸாட்டோவின் இயக்கத்தில் 2012-இல் 26 பகுதிகளாகத் தொலைக்காட்சிக்கு வந்தது. தலைவி மரிகா காட்டோ, பள்ளிக்கூட மாணவி. தகப்பனார் கொள்ளைத் தலைவர். அவர் செத்துப்போனார் என்று செய்தி வருகிறது. கூடவே கப்பலும் வருகிறது. ஒரு காலத்தில் விடுதலைப் போருக்காக அரசாங்கமே கொள்ளையர்களுக்கு எழுதிக்கொடுத்த உரிமப் பத்திரம் இன்னும் செல்லும். ஒரு நிபந்தனை: தலைவரின் நேர் வாரிசுதான் அடுத்த தலைவர். இன்னொரு நிபந்தனை: கொள்ளையடிக்காமல் சும்மா கிடந்தால் உரிமம் காலாவதி. ரேஷன் கார்டுக்கும் இந்தப் பத்திரத்துக்கும் சட்ட நோக்கில் அதிக தூரமில்லை.

பத்திரம் வைத்துக்கொண்டு கொள்ளையடிப்பதை நம் ஊர் வேடிக்கையாகப் பார்க்கத் தேவையில்லை. வாலாஜாபாத் என்ற பெயரே ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவால் வந்தது. அவருக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த கம்பெனிக்காரர்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-இல் லண்டன் பாராளுமன்றத்தில் மணிக்கணக்காகப் பேசினார். அப்படிக் கடன் கொடுத்தவர்களுக்குக் கப்பல்கூடத் தேவைப்படவில்லை. வட்டிச் சீட்டு போதுமானதாய் இருந்தது.

இனி பெண்டென்மாருவின் ஊழியர்கள். சுக்கான் பிடிக்கும் கேன், மரிகாவின் பள்ளியில் வாத்தியாராக வந்து உட்காருகிறார். கப்பல் மருத்துவர் மிசா அதே பள்ளியில் மருத்துவ அறையைப் பார்த்துக்கொள்கிறார். பள்ளியும் மருத்துவமும் ஒரே நிர்வாகம்: திருமுக்கூடல் ஏற்பாடேதான். இயந்திரத்தைப் பார்ப்பவர் மூன்றாம் தலைமுறை. ஷ்னிட்சர் பாதி மனிதர், பாதி யந்திரம். ஹியாகுமே கண்காணிப்புக் கருவிக்கு. கூரி என்ற பெண் எதிரிக் கப்பலின் கணினிக்குள் புகுந்து பூட்டுகளைத் திறப்பவள். வழி சொல்லும் லூகாவுக்குத் துணை ஒரு கண்ணாடி உருண்டை. அதாவது கப்பலில் ஜோதிடர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறது.

இப்படி ஆளுக்கொரு வித்தையாகக் கொள்ளைக் கூட்டம் அமைப்பது ஜப்பானியரின் கண்டுபிடிப்பு என்று எவரேனும் எழுதினால், அவர் வைணவக் குருபரம்பரையைப் புரட்டவில்லை என்று பொருள். பின்னாளில் ஆழ்வாரான திருமங்கை மன்னன் வழிப்பறி செய்த நாளில் அவரிடம் நான்கு பேர் இருந்தார்கள். நீர்மேல் நடப்பான். நிழலில் ஒதுங்குவான். தாளூதுவான். தோலா வழக்கன். முதலாமவன் தண்ணீரில் நடப்பான். சுக்கான்காரன் கேன் செய்வது அதன் எளிய வடிவம். இரண்டாமவன் அடுத்தவன் நிழலுக்குள் புகுந்து மறைவான். மூன்றாமவன் வாயால் ஊதினால் எந்தப் பூட்டும் திறக்கும். கூரி அதைத்தான் விசைப்பலகையால் செய்கிறாள், ஊதுவதற்குப் பதிலாகத் தட்டுகிறாள். நான்காமவன் வாதத்தில் தோற்காதவன். ஒரு கொள்ளைக் கூட்டத்துக்கு இவன்தான் முதுகெலும்பு என்பது இந்த ஆய்வாளரின் துணிபு. ஜப்பானியக் கப்பல்களில் துப்பாக்கி சுடுகிறவர்களைக் கொண்டாடுகிறார்கள். பத்திரத்தைப் புதுப்பிக்கிறவரை யாரும் பொம்மை செய்து விற்பதில்லை.

தோலா வழக்கன் மரபுக்குச் சான்று வேண்டுவோர் பாக்குக் கப்பல் கதையைப் பார்க்கலாம். பாக்கு ஏற்றிய கப்பலில் வருகிற ஆழ்வார், ஒரு கொட்டைப் பாக்கை இரண்டாக்கிப் பாதியை வணிகனிடம் கொடுத்து, கப்பலிலுள்ள பாக்கில் பாதி தமக்குரியது என்று எழுதி வாங்கிக்கொள்கிறார். கரை சேர்ந்ததும் சீட்டை நீட்டுகிறார். பாதிச் சரக்கு கைமாறுகிறது. ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு பாய்மரம் முறியவில்லை. உலகக் கடற்கொள்ளை வரலாற்றில் இவ்வளவு சுத்தமான வேலை அரிது.

பெண்டென்மாருவின் அன்றாடத் தொழிலும் அப்படித்தான். சொகுசுக் கப்பலை மறித்து உள்ளே நுழைவார்கள். பயணிகள் நகையைக் கழற்றித் தருவார்கள், கைதட்டுவார்கள். இழப்பைக் காப்பீட்டுக்காரர்கள் ஈடுகட்டிவிடுவார்கள். நிகழ்ச்சி நிரலில் அச்சிட்ட கொள்ளை. இதை வேடிக்கைக் கற்பனை என்று வெளிநாட்டு ரசிகர்கள் சிரிக்கக்கூடும். ஸ்ரீரங்கத்துக்கு ஒருமுறை வந்தால் சிரிப்பு அடங்கிவிடும். அங்கே இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறி. மணல்வெளியில் பெருமாள் தங்கக் குதிரையில் அங்குமிங்கும் ஓடுவார்; ஆழ்வார் வந்து வழிப்பறி செய்வார்; கூட்டம் நெட்டித் தள்ளிக்கொண்டு பார்க்கும்; போன நகைக்குப் பட்டியல் வாசிப்பார்கள். அடுத்த ஆண்டும் அதே நாள், அதே இடம், அதே நகை. நம் பக்கத்திலும் குறைவில்லை. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார், அங்கிருந்து திருமுக்கூடல். வேட்டை என்று பெயர், எந்த விலங்குக்கும் ஆபத்தில்லை.

இதுவரை சொன்னவை ஒற்றுமைகள். இனிச் சொல்லப்போவது ஆதாரம். இதயம் பலவீனமான ஆய்வாளர்கள் அடுத்த பத்தியை விட்டுவிடலாம்.

கப்பலின் பெயரில் உள்ள பெண்டென் என்பவள் பென்ஸைட்டென் தேவதை. பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போன நம் சரஸ்வதிதான் அவள். வீணைக்குப் பதில் கையில் பிவா; தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் கோயில். அந்தச் சரஸ்வதி காஞ்சியில் என்ன செய்தாள்? தன்னை விட்டுவிட்டுப் பிரமன் வேள்வி செய்கிறான் என்ற கோபத்தில் வேகவதி ஆறாகப் பெருகி, வேள்விச்சாலையையே வாரிக்கொண்டு போகப் பாய்ந்து வந்தாள். திருவெஃகாவில் பெருமாள் குறுக்கே படுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. வெள்ளமாக வந்து உடைமையை அள்ளிக்கொண்டு போக முயல்வதைச் சட்டம் என்னவென்று சொல்லும்? பிறகு திருமங்கை மன்னன் சோழனுக்குக் கட்ட வேண்டிய கப்பம் பாக்கியாகிச் சிறைப்பட்டபோது, காஞ்சிப் பேரருளாளன் கனவில் வந்து புதையல் இருக்குமிடம் காட்டினார். எங்கே? வேகவதிக் கரையில். அந்த வேகவதி பாலாற்றில் கலப்பது எங்கே? நாவிதருக்கு 15 கலம் நெல் எழுதிவைத்த திருமுக்கூடலில்.

மேலும் ஒன்று. வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும் தூரத்திலுள்ள ஒரகடத்தில் ரெனோ நிசான் கார் தொழிற்சாலை திறந்தது 2010 மார்ச்சில். பெண்டென்மாரு தொலைக்காட்சிக்கு வந்தது 2012 ஜனவரியில். இரண்டுக்கும் இடையே இரண்டு ஆண்டுகூட முழுதாக இல்லை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்வதற்கில்லை, சொல்லவும் கூடாது.

கள ஆய்வுக்கு வாலாஜாபாத்தில் ஒரு சலூன் தேர்ந்தெடுக்கப்பட்டது. பள்ளிச் சட்டையோடு வந்த பையன் ஒருவன் போனில் ஹார்லாக் படத்தை எடுத்து நீட்டினான்.

“அண்ணே, இதே மாதிரி. ஒரு பக்கம் மட்டும் கண்ணு மேல விழணும்.”

சலூன்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக் காதோரம் பார்த்தார், பிடரியைப் பார்த்தார், நெற்றி வகிட்டில் சற்று நேரம் நின்றார். பக்கத்து நாற்காலியில் சவரத்துக்குச் சோப்பு தடவிக் காத்திருந்த பெரியவரும் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, இது வெட்டுனது இல்லப்பா. வெட்டாம விட்டது.”

“அப்ப எப்படிண்ணே கொண்டாறது?”

“ஆறு மாசம் கடைக்கு வராத. தானா வரும். அதுக்குள்ள உங்க ஹெட்மாஸ்டர் என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியாது.”

வெட்டாமல் விட்டது. என் கருதுகோளை இவ்வளவு சுருக்கமாக நானே எழுதியிருக்க முடியாது. நிபுணர் சாட்சியமாக இதைப் பதிவு செய்கிறேன். பையன் கடைசியில் மிஷின் கட்டிங் செய்துகொண்டு போனான்.

எதிர்வாதங்கள் சில வரும். கப்பல் மருத்துவரே முடியையும் வெட்டிவிடலாமே என்பார்கள். சோழர் காலத்திலேயே வைத்தியர் வேறு, அறுப்பவர் வேறு, நாவிதர் வேறு என்று தெளிவாகப் பிரித்துத் தனித்தனியே கூலி எழுதிவைத்திருக்கிறார்கள். விண்வெளிக்குப் போனதும் எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டுவது பின்னோக்கிய பயணம். சின்னக் கப்பலுக்கு இத்தனை ஆள் தாங்காது என்பார்கள். காஞ்சி வட்டாரத்தில் கோர்வைக் கரை போட்டு நெய்கிற சேலைக்கே தறியில் ஒருவர் போதாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று நாடா மூன்று ஓடும்போது, அந்தப் பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் திருப்பி எறிய இன்னொரு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். சேலைக்கே இரண்டு பேர் என்றால் நட்சத்திரக் கப்பலுக்கு ஒன்பதாவதாக ஒரு நாவிதர் அதிகமா?

ஆள் குறைவின் விளைவைப் படமே காட்டிவிட்டது. ஒருமுறை பெண்டென்மாரு ஊழியர்கள் தொற்றுநோயால் ஒட்டுமொத்தமாகத் தனிமைப்படுத்தப்படுகிறார்கள். உரிமம் காலாவதியாகப் போகிறது. மாற்று ஆள் பட்டியல் இல்லை. கடைசியில் மரிகாவின் பள்ளித் தோழிகள் வந்து கப்பலை ஓட்டுகிறார்கள். படுக்கை 15-உம் மூலிகைக்கு இரண்டு ஆளும் முன்கூட்டியே ஒதுக்கியிருந்தால் பிள்ளைகளின் படிப்பு கெட்டிருக்காது.

பாலாற்றில் தண்ணீரே இல்லையே, கப்பலுக்கும் வாலாஜாபாத்துக்கும் என்ன தொடர்பு என்பது கடைசி ஆட்சேபணை. 2021 நவம்பர் மாதிரி எப்போதாவது வெள்ளம் வந்தால் உண்டு, மற்றபடி மணல்தான். அதனால்தான் சொல்கிறேன், பாலாற்றில் ஓடத் தகுதியுள்ள ஒரே கப்பல் விண்கப்பல்.

ஆகவே பரிந்துரை: பெண்டென்மாருவில் நாவிதர் பணியிடம் ஒன்று உடனே உருவாக்கப்பட வேண்டும். கூலி, வீரராசேந்திரன் ஆணைப்படி ஆண்டுக்கு 15 கலம் நெல். நெல்லை இறக்கிவைக்கக் கப்பலில் இடம் பார்த்துக்கொள்வது தலைவியின் பொறுப்பு. தண்ணீருக்கு ஒருவர் தனி. விண்ணப்பிப்போருக்குக் கத்திரி பிடிக்கத் தெரிந்தால் போதும்; கொள்ளையடித்த முன்அனுபவம் கேட்கப்படமாட்டாது. ஹார்லாக் தரப்பிலிருந்து யாராவது முடிவெட்டிக்கொள்ள வந்தால், முன்பணம் வாங்கிக்கொண்ட பிறகே துண்டு போர்த்த வேண்டும்.