மாமாவுக்கு ஒரு கடற்கரை

கேள்வி: சென்னையிலிருந்து மாமா வருகிறார். உட்லண்ட்ஸில் அவருக்குக் காட்டக் கடற்கரை உண்டா? — ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கடல் உண்டு, கரையும் உண்டு, கால் புதைய மணல்தான் கிடையாது! வாட்டர்ஃபிரண்ட் பூங்காவின் படகுத்துறை சுமார் 400 மீட்டர் நீளம். கைப்பிடிக் கம்பியோரம் தூண்டில்காரர்கள் வாளியோடு நிற்பார்கள். எதிரே ஜொகூர் பாரு. பக்கத்தில் 1924இல் திறந்த கடற்பாலம், அதில் ஊர்ந்து போகும் லாரி வரிசை. மெரினா சுண்டலில் வளர்ந்தவருக்கு இது புது வேடிக்கை.

மணல்தான் வேண்டும் என்று மாமா அடம்பிடித்தால் செம்பவாங் பூங்கா. அது இயற்கைக் கரை.

வேறு சில கரைகள் அப்படியல்ல: செந்தோசாவின் சிலோசோ கடற்கரை மணல் வெளியிலிருந்து வாங்கிக் கொட்டியது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவோ முழுக்கக் கடலைத் தூர்த்த நிலம் (மாமாவிடம் சொல்ல வேண்டாம், பட்டா கேட்பார்). படகுத்துறைக்கு மாலையில் அழைத்துப் போங்கள்; சுண்டலை வீட்டிலேயே செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.